நான் புளிப்பு என்று சொன்ன சானா

சானாவை அதுவரை நான் வாயில் வைத்ததே இல்லை. அந்த ஒரு தகுதிக்காகத்தான் எனக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்தது.

நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அக்காவின் கணவர் அங்கே ஒரு கம்பெனியில் குமாஸ்தா. எத்தனையோ ஆபீஸ் வாசல்களில் என்னைக் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். கர்த்தா என்று அவரை எல்லோரும் கூப்பிடுவோம். அந்த ஊர் மிட்டாய்க்கு உயிரே சானாதான். காய்ச்சிய பாலைத் திரித்து, துணியில் முடிந்து, நீர் வடித்தால் நிற்கிற வெள்ளைக் கட்டி. நம் வீட்டில் பால் திரிந்துபோனால் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டுவோம். அங்கே வேண்டுமென்றே திரிக்கிறார்கள். எனக்கு முன்னால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சானா வாங்கி வந்தவர்கள் வழியிலேயே பாதியைத் தின்றுவிடுவார்களாம். "மதராஸிப் பிராமணன், பட்டினி கிடந்தாலும் இதைத் தொடமாட்டான்" என்று கர்த்தா என்னை வைத்துக்கொண்டார்.

"திரிஞ்ச பாலுக்குக் காவலாடா நீ?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மாவுக்கு எழுதறச்சே கம்பெனி உத்தியோகம்னு எழுது. இதைச் சொன்னா அழுதுடுவா."

தினமும் காலையில் ஹவுரா ஸ்டேஷனில் ரயில் வந்து நிற்கும். நீர் சொட்டச் சொட்டக் கூடைகள் இறங்கும். தின்று பார்க்காதவன் என்பதால் நான் மோந்துதான் பார்ப்பேன். பயந்த சுபாவம் வேறு. ஒரு கூடையை மூன்று தடவை மோப்பேன். நாளாவட்டத்தில் மற்றக் கடைக்காரர்களும், "மதராஸி பாபு மோந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

வெயில் காலத்தில் சானாவின் ஆயுசு அரை நாள். ரயில் தாமதித்தாலும் போச்சு, வண்டிக்காரன் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்தாலும் போச்சு. எல்லாவற்றையும்விட நான் பயந்தது, ஸ்டேஷனுக்கும் எங்கள் கடைக்கும் நடுவே ஆற்றின் மேல் இருந்த பாலத்துக்கு. அப்போது ஹவுராப் பாலம் படகுகளின் மேல் மிதந்துகொண்டிருந்தது. கப்பல் போகவேண்டுமானால் நடுப்பாகத்தை இழுத்துத் திறந்துவிடுவார்கள். மறுபடி பொருத்துகிறவரை வண்டிகள் அக்கரையிலேயே கிடக்கும்.

அந்த வைகாசியில் கடைக்கு ஒரு பெரிய கல்யாண ஆர்டர் வந்தது. அன்றைக்குப் பார்த்துப் பாலம் திறந்துவிட்டால்? ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கர்த்தாவிடம் கேட்காமலே, பாலத்தைத் தாண்ட வேண்டாத சியால்தாப் பக்கத்து வியாபாரி ஒருவரிடமும் அதே அளவு சானா சொல்லிவைத்தேன்.

கல்யாணத்தன்று காலை சியால்தா வண்டி முதலில் வந்து கடை வாசலில் நின்றது. பாலம் அன்று திறக்கவே இல்லை.

"இதை யார் வரச் சொன்னது?" என்று கர்த்தா கேட்டார். "ஹவுராச் சரக்கும் வருமே. ரெண்டையும் வெச்சுக்கிட்டு இந்த வெயில்லே என்ன பண்றது?"

பயமாக இருந்தது, அதனால் சொல்லிவைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். திட்டியிருப்பார், அவ்வளவுதான். "ஹவுராச் சரக்கு கொஞ்ச நாளா சரியில்லே கர்த்தா, அதனாலதான்" என்று வாயில் வந்துவிட்டது.

"அப்படியா? அப்போ போய்ப் பாரு. புளிச்சிருந்தா எடுக்காதே."

ஹவுராவில் எங்களுக்குச் சானா கொண்டுவருகிறவர் ஒரு கிழவர். அவர் கிராமத்தில் பல வீட்டுப் பால் அவர் கூடைக்குள்தான் வந்து சேரும். கூடைகளுக்குப் பக்கத்திலேயே ரயிலில் உட்கார்ந்து வருவார். என்னைக் கண்டதும் வாழையிலையை விலக்கினார்.

"வாங்க பாபு, கல்யாணச் சரக்கு! விடிகாலையில வடிச்சது."

குனிந்தேன். கறந்த பாலின் வாசனைதான் வந்தது. நிமிர்ந்து, "புளிச்சுப் போச்சு" என்றேன்.

"எது, நானா சானாவா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன தாத்தா, ரயில்லே தூங்கிட்டியா? மதராஸி பாபு மூக்குக்கிட்டயே உன் வித்தையா?"

கிழவர் ஒரு துண்டைக் கிள்ளி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "வாயில போட்டுச் சொல்லுங்க பாபு. ஒரே ஒரு தடவை."

"நான் இதெல்லாம் சாப்பிடமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

பொய் சொன்னதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. அம்மா சொல்லிக்கொடுத்த ஆசாரத்தை எடுத்து ஒரு ஏழைக்கு முன்னால் கேடயமாகப் பிடித்தேன்.

அவர் அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்று, இன்னொன்று என்று கிள்ளித் தின்றார். "இனிக்குது, பாருங்க, இனிக்குது" என்று ஒவ்வொரு கடைக்காரர் முன்னாலும் போய் நீட்டினார். ஒருவரும் வாங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் பொய் நிஜமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அங்கிருந்து போய்விட்டேன்.

"நல்லவேளை, உன் மூக்கு காப்பாத்துச்சு" என்று கர்த்தா முதுகில் தட்டினார்.

சாயங்காலம் அக்காவிடம் மட்டும் சொன்னேன். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"நாளைக்குப் போ. அத்தனை பேர் எதிர்லே கெடுத்தியோன்னோ, அத்தனை பேர் எதிர்லேயே சொல்லு. நான் பொய் சொன்னேன்னு சொல்லு."

மறுநாள் போனேன். கிழவர் ஒரே ஒரு கூடையோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் வரவில்லை. நான் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து, ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். மெத்தென்று இருந்தது. லேசான தித்திப்பு. அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கர்த்தா காதுக்குப் போகாமல் இருக்குமா, வேலை போனால் அக்கா வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து தின்பது என்று மனசு ஓடியது.

"இன்னிக்கு நன்னா இருக்கு" என்றேன்.

"பாத்தியா," என்றார் ஒரு கடைக்காரர், "கிழவன் சரக்குன்னா இப்போ தின்னு பாத்தாத்தான் பாபுவுக்கே நம்பிக்கை வருது!" எல்லோரும் சிரித்தார்கள்.

கிழவர் சிரிக்கவில்லை. "நேத்து எப்படி இருந்துது பாபு?" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார். பதிலுக்குக் காத்திருந்தார். நான் மேல்துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டேன். மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டேன். கூடையை வாங்கிக்கொள்கிறேன் என்று ஏதோ முனகினேன். அவர் இலையை இழுத்து மூடினார். "உங்க கடைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் போகும் ரயிலைப் பார்த்து நடந்தார். அப்புறம் அவரை நான் ஹவுராவில் பார்க்கவில்லை. வந்திருந்தாலும் அங்கே யார் வாங்கியிருப்பார்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் அக்கா கேட்டாள். "சொன்னியாடா?"

"சொல்லிட்டேன்" என்றேன்.

"இப்பத்தான் மனசு ஆறித்து" என்று சொல்லி எனக்கு இலை போட்டாள். நேற்று முழுக்கச் சாப்பிடாதவன் என்று நெய்யை அதிகமாகவே விட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.