டொல்பினுக்குப் பிறேக் எப்போது?

“என்ர கடைக்குள்ள கால் வைச்ச ஒருத்தரும் ரிக்கற் இல்லாமல் வெளியால போனதில்லை!”

ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு விழா மேடையில், வேறொருவர் பேசுவதற்கென வைத்திருந்த மைக்கைப் பறித்துத் தில்லையம்பலம் இவ்வாறு பிரகடனம் செய்தார். சான்றுகளும் அவர் பக்கமே இருந்தன. ஹீற்றர் திருத்த வந்தவர் கியூபாவுக்குப் போனார். கழிவறை எங்கே என்று கேட்டு நுழைந்தவர் காசி, ராமேஸ்வரம் இரண்டையும் முடித்துக்கொண்டே வீடு திரும்பினார்.

மில்லிக்கன் என்ற புறநகரில், சேலைக் கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது அவருடைய பயண முகவர் நிலையம். முன் மேசையில் அவர். பின் மேசையில், அவர் விடும் புளுகுகளைத் திருத்துவதற்கு மனைவி குணவதி. கடை தொடங்குமுன்னர் தில்லையம்பலம் பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் பதினாறு வருடம் பெட்டி அடுக்கியவர், யூனியன் பிரதிநிதி. வேலைக்கிடையே ஓய்வெடுக்கும் பதினைந்து நிமிட பிறேக்கை மனேஜர் பன்னிரண்டாகக் குறைத்தபோது, அந்த மூன்று நிமிடத்துக்காக ஒன்பது மாதம் போராடி வென்றவர். இதை எவரும் கேட்காமலே சொல்லுவார்.

சென்ற மாசியில் ‘டொல்பின் தெரபி’ வந்து சேர்ந்தது. கரிபியன் தீவு ஹோட்டலொன்றில் ஐந்து நாள் டொல்பினோடு நீந்தினால் பேசாத பிள்ளை பேசும், முழங்கால் மடங்கும், மனக்கவலை கரையும் என்றது விளம்பரம். தில்லையம்பலம் அதைத் தமிழாக்கியபோது நீரிழிவையும் சேர்த்துக்கொண்டார். ஆளுயரப் போஸ்டர் கடைக் கண்ணாடியில் ஏறியது. நேரில் பார்த்துப்போக முகவர்களை ஹோட்டலே அழைத்தது. அவர் மடங்க மறுத்த தன் முழங்காலையும் கூட்டிக்கொண்டு போனார்.

உயிர்காப்பு அங்கியோடு அவர் தொட்டியில் மிதந்த காட்சிக்கு நம் இலக்கியத்தில் உவமை இல்லை. டொல்பின் வந்து வயிற்றில் முட்டிவிட்டுப் போனது. அடுத்தவர் இறங்கினார். அதற்கடுத்தவர். கரையில் துவாயோடு இருந்த தில்லையம்பலத்துக்குள் பழைய யூனியன்காரர் விழித்துக்கொண்டார். காலை ஒன்பதிலிருந்து நாலு மணிவரை பதினொரு பேர். ஆள் இறங்காத நேரத்தில் அது சுவரோரமாக வட்டம் போட்டது. ஒரே வட்டம்.

டொல்பினைக் காட்டி, இவருக்குப் பிறேக் எப்போது என்று பயிற்சிக்காரியைக் கேட்டார். பிறேக்கா, அவனுக்கு இது விளையாட்டு, எப்படிச் சிரிக்கிறான் பாருங்கள் என்றாள் அவள்.

பார்த்தார். மீன் கொடுத்தாலும் அதே சிரிப்பு. கொடுக்காவிட்டாலும் அதே சிரிப்பு. வாய் அப்படி அமைந்த சீவன். அழுவதென்றாலும் சிரித்தபடிதான் அழவேண்டும்.

முழங்கால் போனபடியே திரும்பி வந்தது. “தண்ணி குளிர்” என்று குணவதியிடம் சொன்னதோடு சரி. போஸ்டர் கண்ணாடியிலேயே இருந்தது.

இரண்டு கிழமை கழித்து பக்கத்து மல்வேர்னிலிருந்து துவாரகா வந்தாள். கையில் இரண்டு பாஸ்போர்ட். கூடவே ஆறு வயது மகள் அட்சயா. அட்சயா பேசுவதில்லை. கழுத்தில் தொங்கிய சிறு பையில் படம் போட்ட அட்டைகள் வைத்திருந்தாள்: தண்ணீர், பசி, பஸ், வீடு.

“அங்கிள், வேலையில லீவு எடுத்திட்டன். உந்த டொல்பினுக்கு எங்கள் ரெண்டு பேரையும் போடுங்கோ. ஒருக்கா ‘அம்மா’ எண்டு சொன்னாளெண்டால் எனக்குக் காணும்.”

தில்லையம்பலத்தின் விரல் கீபோர்டில் இறங்கவில்லை.

“என்னப்பா, கொம்பியூட்டர் நிண்டுட்டுதோ, நீங்கள் நிண்டுட்டியளோ?” என்றார் குணவதி.

“பிள்ளை, நான் போய்ப் பாத்தனான். அது காலமை துவங்கிப் பின்னேரம் மட்டும் ஒரு பிறேக் இல்லாமல் நிக்குது. அதுக்கே ஆரும் தெரபி குடுக்கவேணும். அது இவளுக்கு என்னத்தைக் குடுக்கப்போகுது?”

“பேச்சு வரும் எண்டு போஸ்டரில கிடக்கு!”

“போட்டது நான்தான்.”

“நீரிழிவைப் போட்டதும் இவர்தான்,” என்றார் குணவதி.

துவாரகா சிரிக்கவில்லை. “ஊருக்கெல்லாம் ஒட்டி வைச்சிட்டு, நான் பாஸ்போர்ட்டோட வந்து நிக்கேக்கையோ அங்கிள் இதைச் சொல்லுறது?”

மனேஜர்களின் வாயை அடைத்தவருக்கு, தன்னையே ஒருவர் கேள்வி கேட்பது புது அனுபவம்.

மேசையிலிருந்த பூகோள உருண்டையைச் சுற்றிக்கொண்டிருந்த அட்சயா அதைக் கையால் நிறுத்தினாள். பையைத் துழாவி ஓர் அட்டையை எடுத்து, தாயின் கையிலிருந்த பாஸ்போர்ட்டுகளுக்கு மேல் வைத்தாள். வீடு.

துவாரகா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். “ஓமம்மா. சொல்லிப்போட்டாய். போவம்.”

குணவதி எழுந்துபோய்ப் போஸ்டரின் ஒரு முனையை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். தில்லையம்பலம் முழங்காலைப் பிடித்தபடி எழுந்து, கதவைத் திறந்து, இருவரும் வெளியே போகும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.