அம்மா ஊதவிட்ட மெழுகுவத்தி

வருஷத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் வணக்கம். அம்மாவைப் பற்றி எழுது என்று தம்பி சொன்னான். அம்மா இருந்திருந்தால், "வேற வேலை இல்லியா உனுக்கு? கடுதாசிதான் தண்டம்" என்றிருப்பார்கள்.

அம்மா பிறந்தது பொன்னேரிப் பக்கம். பதினைந்து வயதில் தண்டையார்பேட்டைக்கு மருமகளாக வந்தார்கள். அப்பா காலமானபோது எனக்கு ஏழு வயது, தம்பி கைக்குழந்தை. துறைமுகத்துக் கிடங்கில் சாக்குத் தைத்தே இருவரையும் படிக்க வைத்தார்கள். யாரிடமும் கை நீட்டியதில்லை. பிடிவாதமும் உண்டு, அதை மறைத்து எழுதினால் அது அம்மாவே இல்லை.

வளர்ந்தபின் எனக்கு அதே துறைமுகத்தில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளின் குறியைப் பார்த்து, கரையில் நிற்கும் குமாஸ்தாவுக்குக் கேட்கும்படி கூவும் வேலை. குரல்தான் சோறு. அப்படியிருக்க, காய்ச்சல் கண்டு இடப்பக்க நெஞ்சில் சீழ் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சீழை வடித்தார்கள். பிழைத்தேன். ஆனால் சுருங்கிய நுரையீரல் விரியவில்லை. பத்தடி நடந்தால் இளைத்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா சொன்னார்: "மெழுகுவத்தியை ஏத்தி எதிரே வச்சு, ஒரே மூச்சில ஊதி அணைக்கணும். தினமும் கொஞ்சம் தள்ளி வைங்க. விட்டுட்டா நுரையீரல் அப்படியே ஒட்டிக்கும். மறுபடியும் அறுக்கணும்."

அம்மா தலையாட்டினார்கள். மெழுகுவத்தி மட்டும் வீட்டுக்கு வரவில்லை. விளக்கை 'அணை' என்ற சொல்லே அம்மா வாயில் வராது, 'குளிரவை' என்பார்கள். அதையும் பூவால்தான் செய்வார்கள். வாயால் ஊதினால் குடும்பத்துக்கு ஆகாதாம்.

"உங்கப்பனைத் தூக்கிக் குடுத்த வூடு இது. நீ வெளக்கை வாயால ஊதுவியா? ஊதணும், அவ்ளோதானே? இந்தா" என்று அடுப்பூதும் குழலைக் கையில் கொடுத்தார்கள். அதில் நெருப்பு அணையாது, நன்றாக எரியும் என்பது அம்மாவின் கணக்கு. மூன்று நாள் ஊதினேன். விறகுப் புகை ஏறி இருமி இருமி, ஆறிவந்த புண் விட்டுக்கொண்டு ரத்தம் கசிந்தது.

கட்டு மாற்றப் போன இடத்தில் அம்மா விளக்கையும் குழலையும் பற்றிச் சொல்ல, நர்சம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "புகை குடிக்கவா இவரைப் பொழைக்க வச்சோம்? உங்களுக்கு விளக்கு வேணுமா, புள்ள வேணுமா?"

டிராமில் திரும்பும் வழியில் அம்மா பாதியிலேயே இறங்கினார்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு கட்டு மெழுகுவத்தி வாங்கினார்கள்.

அன்று முதல் அம்மாவே ஏற்றி வைப்பார்கள். நான் ஊதும்போது மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்கள். அணைந்ததும் திரும்பி மறுபடி ஏற்றுவார்கள். "இன்னொரு தபா. நல்லா மூச்சை இஸ்து ஊதுடா." முதல் வாரம் ஒரு முழத் தொலைவில் இருந்த சுடர்கூட அசையவில்லை. மூன்று மாதத்தில் மெழுகுவத்தி வாசற்படி வரை போயிற்று. வேலைக்குத் திரும்பிய அன்று கிடங்கிலிருந்த அம்மாவுக்கு என் கூவல் கேட்டதாம். "இன்னாத்துக்கு அப்படிக் கத்துற?" என்றார்கள், அழுதுகொண்டே.

இரண்டு வருஷம் கழித்து அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பத்தே நாள். காரியத்தன்று எதிர்வீட்டு அத்தை என்னைத் தனியே கூப்பிட்டார். "நீ ஊதுறப்போ செவுத்தைப் பாத்துகினு இன்னா சொல்லிகினு இருந்தா தெரியுமா? 'எதுனா கேடு வந்தா என் தலைக்கு வரட்டும், புள்ளைக்கு வேணாம்.' ஒவ்வொரு தபாவும். அவளே எங்கிட்ட சொன்னா."

கடைசிப் பத்து நாளும் பக்கத்திலிருந்து பார்த்த அத்தைக்கும், மருந்து கொடுத்த டாக்டருக்கும், செய்தி கேட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்த கிடங்குப் பெண்களுக்கும், தோள் கொடுத்த துறைமுகத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவைக் கொண்டுபோனது காய்ச்சல்தான். டாக்டர் சொன்னார், நானும் நம்புகிறேன். ஆனாலும் இந்த ஒரு வருஷமாக அம்மாவிடம் சண்டை போட வேண்டும் போலிருக்கிறது. "யாரைக் கேட்டு அப்படி வேண்டிகினே?" என்று தொண்டை கிழியக் கேட்க வேண்டும். அதற்கு வேண்டிய மூச்சு இப்போது என்னிடம் நிறைய இருக்கிறது. கேட்க அம்மா இல்லை.