வல்லத்துப் புழுதியும் வாசல் குரோட்டன்சும்

பல்லுக்கடியில்தான் முதலில் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து வாயை மூடினால் நறநறவென்று கடிபடும் அந்தச் செம்மண் புழுதி, கொஞ்சம் இரும்பு ருசியும் கொஞ்சம் டீசல் வாடையுமாக, இன்றைக்கும் லாரி ஒன்று உரசினாற்போலப் போனால் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வயல் மண் கறுப்பு. ஈரத்திலேயே கிடந்து பழகியது, பறக்கத் தெரியாது. அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் கும்பகோணம் ரோட்டை உயர்த்தி அகலமாக்க, வல்லம் பக்கத்திலிருந்து "கிராவல்" என்கிற செம்மண்ணை ஏற்றி வந்த லாரிகள்தான் பறக்கிற மண்ணை எங்களுக்குக் காட்டின.

ரோட்டைப் பார்த்த எங்கள் வாசலில் அம்மா வரிசையாகத் தொட்டிகளில் குரோட்டன்ஸ் வைத்திருந்தாள். ஒன்றில் மஞ்சள் தெளித்திருக்கும், ஒன்று முறுக்கிக்கொண்டு ரத்தச் சிவப்பாக நிற்கும், ஒன்றுக்கு நரம்பு மட்டும் ரோஜா நிறம். காய்க்காது, சாமிக்கு ஆகாது, தலையில் வைக்க முடியாது. "ஆடுகூடத் திங்காத செடி" என்பார் அப்பா. அதனால்தான் அம்மாவுக்குப் பிடித்ததோ என்னவோ. எல்லாமே எதற்காவது பயன்பட்டாக வேண்டியிருந்த அந்த வீட்டில், சும்மா அழகாக நிற்பதற்கென்று அவள் பிடித்து வைத்துக்கொண்ட ஒரே இடம் அது.

லாரிகள் ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில் எல்லாச் செடியும் ஒரே நிறமாயிற்று. அடி இலைகள் கொட்டின, துளிர் சுருண்டது. அப்பா குத்தகை நிலத்தில் நெல் போட்டவர், பயிர் எதற்கு வாடினாலும் மடையைத் திறந்துவிட்டுப் பழகிய கை. "தண்ணி காட்டினா எல்லாம் எந்திரிச்சுக்கும்" என்று காலையும் மாலையும் தொட்டி வழிய ஊற்றினார், இலைமேலும் வாரி இறைத்தார். காவிரிப் பாசனத்தில் பிறந்தவர்களுக்கே வரக்கூடிய தப்பு இது: தண்ணீரில் தீராத நோய் ஒன்று இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. அந்தத் தண்ணீர் புழுதியைச் சேறாக்கியது, வெயில் அந்தச் சேற்றைச் சுவர்ப்பூச்சு மாதிரி இறுக்கியது, மேலே மூச்சு முட்டி, கீழே வேர் அழுகி, ரோஜா நரம்புக்காரி தண்ணீரில் நின்றபடியே செத்தாள்.

மிச்சத்தைக் கொல்லைப்பக்கம் தூக்கி வைத்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரோடு வாசலுக்கு வந்தா நாம கொல்லைக்குப் போயிடணுமா? நாளைக்கிக் கொல்லைக்கும் வரும். அப்ப எங்க போவீங்க?"

மறுநாளிலிருந்து ஒரு வாளி, பழைய வேட்டித் துணி. ஒரு கையை இலைக்கு அடியில் கொடுத்து, மறு கையால் காம்பிலிருந்து நுனிவரை, குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற பதத்தில் இலை இலையாகத் துடைப்பாள். எதிர்வீட்டு அக்கா, "மூஞ்சி கழுவியாச்சு, பொட்டு வெக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கடைசி இலைக்கு வருவதற்குள் அடுத்த லாரி வந்து முதல் இலையை மூடிவிடும்.

ஒருநாள் அம்மா வாளியோடு ரோட்டில் இறங்கி நின்றுவிட்டாள். பிரேக் போட்ட லாரியிலிருந்து தலைத்துண்டு கட்டிய டிரைவர் எட்டிப் பார்த்து, குடிக்கத் தண்ணீர் கொடுக்கப் போகிறீர்களா என்று சிரித்தார்.

"எறங்கி வாங்க தம்பி. ஒரே ஒரு இலையைத் தொடைச்சிட்டுப் போங்க."

பின்னால் பஸ்காரன் ஹாரனிலேயே கை வைத்திருந்தான். தொலையட்டும் என்றுதான் அவர் இறங்கினார். துணி போன வழியில் மஞ்சள் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. யாரும் சொல்லாமலே அடுத்த இலையையும் துடைத்தார்.

"காஞ்ச செடின்னுல்லக்கா நெனச்சிட்டிருந்தேன்."

"காயல. நீங்கதான் மூடி வெச்சிருக்கீங்க. லோடை மூடி எடுத்துட்டு வாங்க."

மறுநாள் அவர் லாரி தார்ப்பாய் கட்டிக்கொண்டு வந்தது, எங்கள் வாசலில் மெதுவாகப் போனது. மற்ற லாரிகளும் திருந்தின என்று எழுதினால் பொய். சில கட்டின, பல கட்டவில்லை. தார் போட்டு முடிக்கும்வரை அம்மாவும் துணியைக் கீழே போடவில்லை.

அந்த ரோடு இப்போது இன்னும் அகலமாகிவிட்டது. வாசல் போயிற்று, சிவப்புக் குரோட்டன்ஸ் போயிற்று, அம்மாவும் போய்விட்டாள். ரோட்டின் நடுவில் வைத்த அரளி சாம்பல் பூசிக்கொண்டு நிற்கிறது. பக்கத்து ஓட்டல் முகப்பில் பிளாஸ்டிக் கொடி தொங்குகிறது. அம்மாவின் மஞ்சள் குரோட்டன்சில் குச்சி ஒடித்து நான் நட்ட செடி மட்டும் எங்கள் கேட்டுக்கு வெளியே, கைக்குட்டை அகல மண்ணில், ரோட்டைப் பார்த்தே இருக்கிறது. வீட்டில் அதை மாடிக்கு ஏற்றச் சொல்கிறார்கள். முடியாது.

இன்று காலையும் துடைத்தேன். துணியைப் பிழிந்தால் வாளியில் இப்போது சிவப்பு இறங்குவதில்லை. டயரும் புகையும் அரைத்த கறுப்பு, எங்கள் வயலின் கறுப்பு அல்ல. இருக்கட்டும். வாளியை ரோட்டோரமாகவேதான் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திவிட்டு வரலாம். துணி இரண்டு போட்டிருக்கிறேன்.