தடுப்புக் கட்டையில் திருவிருந்து

விடியற்காலை ஐந்தரை மணி. என் அத்தை இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நிற்கிறாள். அவளுடைய தலைத்துணியை அவிழ்த்து உதறுகிறேன். கொண்டைக்குள் விரல் விட்டுப் பார்க்கிறேன். கைலி மடிப்பைத் தடவுகிறேன். ரப்பர் பால் வாளியைக் கவிழ்த்துத் தட்டுகிறேன். “நல்லாத் தேடுடி. பாவம் ஏதாச்சும் ஒட்டிக்கிட்டிருந்தா அதையும் எடுத்துரு” என்கிறாள். பின்னால் வரிசையில் நிற்கும் பெண்கள் குலுங்கிச் சிரிக்கிறார்கள். எனக்கு வயது பத்தொன்பது. முகம் எரிகிறது. அவசரகாலம் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது தூக்கிய அந்தக் கைகள்தான்.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில், சிம்பாங் அம்பாட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம் அது. துப்பாக்கியோடு காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்ச் சேரக்கூடாது என்று அரசாங்கம் முடிவு செய்தது. சிதறிக் கிடந்த லயங்களை, தொழிலாளர்களின் வரிசை வீடுகளையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் கட்டினார்கள். சுற்றிலும் முள்கம்பி. போக வர ஒரே கேட்டு. வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்சம் கோதுமை மாவுக்கு மட்டும் ரேஷன் உண்டு. பொதுச் சமையலறையில் வெந்த சோற்றைத்தான் வாங்கிச் சாப்பிட வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் கையோடு போய் வெறும் வயிற்றோடு திரும்ப வேண்டும். ஆண்களைச் சோதிக்க ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள் இருந்தார்கள். பெண்களைத் தொட்டுச் சோதிக்க ஒரு பெண் வேண்டுமே! ஆறாம் வகுப்பு படித்தவள், மலாய் பேசுவாள் என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். இடது கையில் ஒரு பச்சைப் பட்டை. அதைக் கட்டிய நாளிலிருந்து தோட்டத்து வயிற்றெரிச்சல் முழுவதும் என் தலையில் விழுந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, கொண்டைக்குள்ளிருந்தும் மார்த்துணிக்குள்ளிருந்தும் அரிசியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஒரு தடவை பால்குடிப் பிள்ளையின் துணிக்குள்ளிருந்தும் எடுத்தேன். அந்தத் தாய் என்னைத் திட்டியது இன்னும் காதில் கேட்கிறது. திட்டட்டும், நியாயம்தான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. மாமாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனான். அவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அத்தைக்கு இரண்டு வேலைதான்: காலையில் பால் மரம், மாலையில் சபை. எங்களுடையது மெதடிஸ்ட் சபை. வேறு சபைகளில் எல்லாவற்றையும் போதகர் ஐயரே பார்த்துக்கொள்வார். எங்களிடம் அப்படியில்லை. மலாக்கா டவுனிலிருந்து ஐயர் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் சபையைத் தூக்கிச் சுமந்தவர்கள் வகுப்புத் தலைவர்கள். ஒரு வகுப்பென்றால் பன்னிரண்டு பேர். வாரம் ஒருமுறை ஒவ்வொருவரையும் வீட்டில் போய்ப் பார்த்து, “ஆத்துமா எப்படி இருக்கு?” என்று கேட்பது தலைவரின் கடமை. அத்தையிடம் “நல்லா இருக்கு” என்று சொல்லித் தப்பிக்க முடியாது. “நல்லா இருக்கா? அப்ப சம்பளத்தன்னிக்குக் கள்ளுக்கடை வாசல்ல ஆடிக்கிட்டு நின்னது யாரு, ஆத்துமாவா?” என்பாள். கேட்ட ஆள் ஆறடி உயரமாக இருந்தாலும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். எழுதப் படிக்கத் திக்கித் திணறுகிறவள், ஆனால் சபையின் பூர்வீகக் கதை முழுவதும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நம் சபையைத் தொடங்கியவருக்குக் கோயில் கதவைச் சாத்தினார்கள், அவர் போய் வெட்ட வெளியில் சுரங்கக் கூலிகள் நடுவில் நின்று பிரசங்கம் செய்தார் என்று சொல்லும்போது, ஏதோ பக்கத்து லயத்தில் நடந்ததுபோலவே சொல்வாள்.

கம்பி வேலி போட்டபோது கோயில் வெளியே மாட்டிக்கொண்டது. பழைய லயத்துப் பக்கம், ஒரு மைல் தூரத்தில், தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். அதை ஒட்டிய அறையில் கோயில்பிள்ளையும் அவர் மனைவியும் இருந்தார்கள். கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்குத் துடைக்கிறவர் அவர். அவர்களுடைய ஒரே மகன் ஒருநாள் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. காட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும் ஒரு பேச்சு இருந்தது. எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் பெற்றவர்களுக்குக் கம்பி வேலிக்குள் இடமில்லை என்று உத்தரவு வந்துவிட்டது. அவர்களோடு பேசினாலே சந்தேகம், ஒரு வாய் தண்ணீர் கொடுத்தாலும் குற்றம். அந்த இரண்டு பேரும் அத்தையின் வகுப்பு. உள்ளே பத்து, வெளியே இரண்டு. வாரா வாரம் பத்துப் பேரைப் பார்த்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐயர் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், ஒரு கான்ஸ்டபிள் காவலோடு, பத்துப் பேர் மட்டும் கோயிலுக்குப் போய்வரலாம் என்று அனுமதி இருந்தது. சாப்பாட்டுப் பொருள் எதுவும் கொண்டுபோகக் கூடாது. இயேசுவின் கடைசிப் பந்தியை நினைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் திருவிருந்துக்காக ஐயர் டவுனிலிருந்து கொண்டுவந்த அப்பத்தை ரோட்டுச் சோதனையில் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த தடவையும் அதே கதை. ஆக, இரண்டு தடவை வெறும் ஜெபத்தோடு ஆராதனை முடிந்தது. அந்த இரண்டாம் தடவை கோயில்பிள்ளையின் மனைவி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, “மகனும் இல்ல, பந்தியும் இல்ல. கர்த்தரும் எங்க பேர அடிச்சிட்டாரா அக்கா?” என்று கேட்டிருக்கிறாள். அத்தை அதைச் சொல்லும்போது அவளுக்குத் துக்கம் கொஞ்சம், கோபம் நிறைய. “அடுத்த தடவை அப்பம் நான் சுடறேன். எவன் எடுக்கிறான்னு பாத்துர்றேன்” என்றாள்.

உள்ளேயும் முணுமுணுப்பு இல்லாமலில்லை. எங்கள் சபையில் கொஞ்சம் வசதியான ஒருவர் வந்து, “அவங்களோட ஒரே பந்தியில முழங்கால் போட்டா நம்ம பேரும் கெடும் அக்கா” என்றார். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பந்தி உங்க வீட்டுதா? கூப்பிடறவரு வேற, தம்பி. வர்றவங்கள எண்ணிப் பாக்கிற வேலைய நமக்கு யாரும் குடுக்கல” என்றாள்.

மூன்று மாதம் கழிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் அத்தை ரேஷன் கோதுமை மாவைப் பிசைந்து, உப்புப் போடாமல் ஒரு தடித்த ரொட்டி சுட்டாள். உலர்ந்த திராட்சையை ஊறவைத்துக் கொதிக்கவைத்துப் பிழிந்து, கழுவிக் காயவைத்த இருமல் மருந்துப் புட்டியில் வடிகட்டினாள். எங்கள் பந்தியில் மது கிடையாது, இந்தச் சாறுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்சினேன். “அத்தே, மடியில வச்சுக்கிட்டு வாங்க. நான் தடவுற மாதிரி தடவிட்டு விட்டுர்றேன். யாருக்கும் தெரியாது லா.” அத்தை மாவுக் கையோடு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அறைந்திருந்தால்கூடத் தேவலாம். “ஆண்டவரோட அப்பத்த அரிசி திருடற மாதிரி ஒளிச்சுக் கொண்டுபோகச் சொல்றியா? கைல எடுத்துக்கிட்டுதான் வருவேன். நீ உன் வேலையப் பாரு.” எனக்கும் கோபம் வந்தது. உங்களைப் பிடித்துக் கொடுத்தால் நான் பாவி, விட்டால் நான் ஜெயிலுக்கு, எனக்கு என்னதான் வழி என்று கத்தினேன். அத்தை ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் வேலை போனது. நானும் அத்தையும் நான்கு நாள் லாக்கப்பில் கொசுக்கடியோடு இருந்தோம். ஐயர் யாரையோ பிடித்து எங்களை வெளியே எடுத்தார். அதற்குப் பிறகு அத்தை நெடுங்காலம் வாழ்ந்து, எவருக்கும் பயப்படாமல் செத்தாள். இன்று நான் மலாக்காவுக்குப் பக்கத்தில் ஆயர் குரோவில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஞாயிறன்று மகள் காரில் கூட்டிக்கொண்டு போகிறாள். குளிரூட்டிய கோயில், கட்டைவிரல் அளவுக் கிண்ணங்கள், ஒரே மாதிரி வெட்டிய அப்பத் துண்டுகள். போன மாதம் ஒருத்தி, வரிசை மெதுவாக நகர்கிறது, வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சலித்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. நானும் அத்தையின் ரத்தம்தானே. பல்லைக் கடித்துக்கொண்டு முழங்கால் போட்டேன்.

அந்த ஞாயிறு. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டில் லெப்டினன்ட் துரையே வந்து நின்றார், வெள்ளைக்காரர், சிவந்த கழுத்து. மொழிபெயர்க்க, ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி பக்கத்தில். அத்தை வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, வெள்ளைத் துணி போர்த்திய தட்டை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வந்தாள். பின்னால் ஒன்பது பேர். நான் தொடுவதற்கு முன்னாலேயே தட்டை மேசைமேல் வைத்துத் துணியை விலக்கினாள். “இது அப்பம். இது திராட்சச் சாறு. கோயிலுக்குப் போகுது” என்றாள். மலாய்க்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் புட்டியைத் திறந்து மோந்து பார்த்து, சம்சுவா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அத்தைக்கு வந்ததே கோபம்! “எங்க பந்தியில சாராயமா? நாக்கத் தொட்டுப் பாருய்யா!” என்று புட்டியை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அந்த மனுஷன் இரண்டடி பின்னால் போய், “தா போலே லா, மக்சிக்” என்று இரண்டு கையையும் ஆட்டினார். முடியாதாம்.

துரை நீளமாக ஏதோ சொன்னார். கிராணி அதைச் சுருக்கி, “சாப்பாடு கேட்டத் தாண்டக் கூடாதாம். வேணும்னா உள்ளேயே உக்காந்து சாப்பிடச் சொல்றாரு” என்றார். துரை கேலியாகத்தான் சொன்னார், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. அத்தை துணியை மறுபடியும் தட்டின்மேல் இழுத்துவிட்டாள். பிறகு, “சரிங்க. அப்ப இங்கயே. கோயில்ல இருக்கிற ஐயர வரச் சொல்லுங்க” என்றாள். துரைக்கு இது புரிய நேரமானது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல், காவலுக்குப் போக இருந்த கான்ஸ்டபிளைச் சைக்கிளில் அனுப்பினார். வெயில் ஏறியது. பத்துப் பேரும் தட்டைச் சுற்றி நின்று பாடினார்கள். அத்தைக்குச் சுருதி எப்போதும் சேராது, அன்றும் சேரவில்லை, ஆனால் லயத்துச் சனம் முழுவதும் வாசலில் வந்து நின்று கேட்டது.

ஐயர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கம்பிக்கு உள்ளே வர அவருக்குப் பாஸ் இல்லை. அவருக்குப் பின்னால் முப்பதடி தள்ளி, நடந்தே வந்த கோயில்பிள்ளையும் மனைவியும் நின்றார்கள். துரை அவர்களைப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார். அப்பம் வெளியே போகக் கூடாது, அவர்கள் உள்ளே வரக் கூடாது என்று கிராணி மூலம் இரண்டு தடவை சொன்னார். கேட்டுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த தடுப்புக் கட்டை, இடுப்பளவு உயரம். அத்தை அதன் முன்னால் செம்மண்ணில் முழங்கால் போட்டு, கோயிலில் திருவிருந்து வாங்கும் கிராதியில் வைப்பதுபோலக் கையை அதன்மேல் வைத்தாள். மற்ற ஒன்பது பேரும் அவளுக்கு இரண்டு பக்கமும் வரிசையாக முழங்கால் போட்டார்கள். பேர் கெடும் என்று சொன்னாரே, அவரும்தான்.

ஐயர் கட்டைக்கு அந்தப் பக்கம் நின்று ஜெபித்தார். கட்டையை ஒட்டிக் கிடந்த மேசையில் இருந்த தட்டுக்குக் கையை நீட்டி அப்பத்தைப் பிட்டார். வழக்கப்படி முதல் துண்டை அவர்தான் வாங்க வேண்டும். துண்டோடு கை வெளியே திரும்பும்போது துரை கூடாதென்று தலையை ஆட்டினார். ஐயர் ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டு, துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பத்துப் பேரும் வாங்கிவிட்டார்கள். தட்டில் கொஞ்சம் மீதி இருந்தது. கோயில்பிள்ளையின் மனைவி முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அந்தத் தட்டை மட்டும் பார்த்தாள்.

என்னை யாரும் கேட்கவில்லை. அத்தை என் பக்கம் திரும்பவேயில்லை. ஏழு மாதமாக அந்தக் கேட்டில் சாப்பாடு வெளியே போகாமல் பார்த்துக்கொண்டது இந்தக் கைகள்தான். அவமானம் தாங்கவில்லை எனக்கு. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து, கட்டைக்கு மேலே நீட்டி, ஐயரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

துரை போட்ட சத்தத்தில் லயத்து நாய்களெல்லாம் குரைத்தன. கிராணி என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், “தங்கச்சி, கை தவறிடுச்சுன்னு சொல்லும்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார். நல்ல மனுஷன்.

“கை தவறல சார். நான்தான் குடுத்தேன். அப்படியே சொல்லுங்க.”

அவர் சொன்னார். துரை என் கைப்பட்டையைக் காட்டி, பிறகு மேசையைக் காட்டினார். கழற்றி வைத்தேன். முடிச்சு அவிழ மறுத்தது, பல்லால் இழுத்தேன். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றேன். அப்போதுதான் அத்தை முழங்காலில் இருந்தபடியே தலையைத் திருப்பினாள்.

“வேலதான் போயிடுச்சே, அப்புறம் என்னடி நிக்கிற? இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க பாரு.”

தட்டை எடுத்துக்கொண்டு, கட்டைக்குக் கீழே குனிந்து, அந்தப் பக்கம் போனேன்.