வட்டாரத்துக்காரனின் சாட்சி

நான் பொய் சொன்னேன். ஒரு மனிதனை யாருக்கும் தெரியாது என்று எழுதினேன். அவன் என் நண்பன். இதை மூடி மூடி வைத்து எனக்கே அலுத்துப்போய்விட்டது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

ஒரகடத்தில் லாரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன் நான், குன்றத்தூரில் வீடு. ஷிஃப்ட் முடிந்து வந்து குளித்ததும் கணினி முன் உட்காருவேன். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற அந்த இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்துவேன். சம்பளம் கிடையாது. ஆனால் முகம் தெரியாதவர்கள் என்னை 'ஐயா' என்றார்கள்... தொழிற்சாலை லைனில் என்னை யார் ஐயா என்றார்கள்!

ஒருநாள் அங்கே சாலமனைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை வந்திருந்தது. எழுதியவர் யாரோ ஒரு ரசிகர்.

சாலமனும் நானும் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தவர்கள். அவன் கீபோர்டு, நான் பாட்டு. மாதா கோவிலுக்கும் மெட்டுப் போடுவான், எங்கள் குன்றத்தூர் மலை முருகனுக்கும் போடுவான். அவனுடைய முதல் கேசட் முருகன் பாட்டு; அதற்கு என்னைத்தான் பாடக் கூப்பிட்டான். எனக்கு வேலை நிரந்தரமாகிற நேரம். லீவு போட முடியாது என்று மறுத்துவிட்டேன். வேறொருவன் பாடினான். அந்த முருகன் பாட்டுத்தான் எங்கள் கம்பெனி பஸ்ஸில் தினமும் காலையில் ஓடும். பாதித் தூக்கத்திலும் எல்லாரும் கூடவே முணுமுணுப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

கட்டுரையை வைப்பதா, நீக்குவதா என்று விவாதம் வந்தது. பத்திரிகைகளில் அவனைப் பற்றி ஒரு வரியும் வந்ததில்லை. விதிப்படி பார்த்தால் பலவீனமான கட்டுரைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒருவர் கேட்டார்: "அந்த வட்டாரத்துக்காரர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். மக்கள் அறிந்தவர் என்றால், ஆதாரம் தேட அவகாசம் கொடுப்போம்."

வட்டாரத்துக்காரன் நான் ஒருவன்தான்.

காலையில் அவன் பாட்டைக் கேட்டவன், சாயங்காலம் எழுதினேன்: "நான் இப்பகுதியில் வசிப்பவன். இவரை இங்கே யாருக்கும் தெரியாது."

நம்பினார்கள். கட்டுரை போய்விட்டது.

ஏன் செய்தேன்? தரம், விதி என்று எனக்கு நானே எத்தனை சமாதானம் சொல்லிப் பார்த்தேன்! இல்லை... வயிற்றெரிச்சல். அதற்கு வேறு பெயர் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாலமன் வீட்டுக்கு வந்தான்.

"டேய், நெட்ல என் பேரு வந்துதுடா! பொண்ணு ஸ்கூல்ல எல்லாருக்கும் காமிச்சிகினு இருந்துது. இப்ப பாத்தா காணோம். உங்கப்பா அவரே எழுதிக்கினாராடின்னு கிண்டல் பண்றாளுங்களாம். வூட்ல ஒரே அழுகை. நீதான் அதுல எழுதுவியே... இன்னான்னு கொஞ்சம் பாரேன்."

"பாக்கறேன்டா" என்றேன். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நிம்மதியாகப் போனான் பாவி.

பார்க்க என்ன இருக்கிறது? நான் சொன்னது பொய் என்று அதே இடத்தில் எழுதினால் போதும், மறுபடி விவாதிப்பார்கள். பல தடவை எழுத உட்கார்ந்தேன்... ஐயா என்றவர்கள் என்ன நினைப்பார்கள்? எழுந்துவிட்டேன். அவன் கேட்கும்போதெல்லாம், எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை என்றேன். ச்சே, இதுவும் ஒரு பிழைப்பா!

போன மாதம் அவனைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். அவன் கேட்பதற்கு முன்பே, இன்னும் பதில் வரவில்லை என்று ஆரம்பித்தேன். கையை உயர்த்தித் தடுத்தான்.

"வுட்றா. பொண்ணுகிட்டயும் சொல்ட்டேன். அதெல்லாம் பெரிய பெரிய ஆளுங்கள போடற எடம். கோயில்ல வாசிக்கிறவனுக்கு இன்னாத்துக்கு? நானெல்லாம் ஒரு ஆளா, நீயே சொல்லு?"

சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.