தூணைச் சுற்றி வந்த குணசுந்தரி டீச்சர்

போன செவ்வாய்க்கிழமைக்கு முந்தைய செவ்வாய், ஒன்பதாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தபோது அலைபேசி அதிர்ந்தது. குணசுந்தரி டீச்சரின் தம்பி தேசப்பனின் பெயரைப் பார்த்ததும் வராந்தாவுக்கு ஓடினேன். "சார், அக்கா போயிட்ச்சு சார்" என்றார்.

எட்டு மாதமாகச் சிறுநீரக நோயோடு சென்னைக்கும் பழவேற்காட்டுக்கும் அலைந்தவர். எதிர்பார்த்ததுதானே என்று பலர் சொன்னார்கள். நான் எதிர்பார்க்கவில்லை. அவர் தொட்ட காரியம் எதையும் பாதியில் விட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். டீச்சர் எங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. ஏரிக்கரை மீனவக் குப்பத்தில் பிறந்தவர். நான் ஆரம்பாக்கம் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தான், கணக்கு வாத்தியார். படகில் ஏறினாலே எனக்குத் தலை சுற்றும். அதைச் சொல்லிச் சொல்லியே பதினோரு வருடம் என்னைக் கேலி செய்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் டச்சுக் கல்லறையைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், எங்கள் பிள்ளைகள் வெறுங்காலில் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பத்து ஜோடி ஸ்கேட்டிங் ஷூ அனுப்பிவைத்தது. நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் இருக்கும் வகை. வெறுங்காலுக்குச் செருப்பு அனுப்பாமல் சக்கரம் அனுப்பிய அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். தலைமையாசிரியர் பெட்டியைத் திறந்தார், பார்த்தார், மூடினார். "எவனாவது கைகால ஒடச்சிக்கினா யாரு பதில் சொல்றது? பொன்னேரிப் பக்கம் ஏதாவது ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்."

"நான் பதில் சொல்றேன் சார்" என்றார் டீச்சர். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது.

"ஒங்களுக்கே ஓட்டத் தெரியாதே டீச்சர்?"

"ஒரு மாசம் குடுங்க. எங்க பொண்ணுங்களுக்கு கோ-கோ ஆட்டத்தத் தவிர இன்னா காட்டியிருக்கோம்? வாசல் வரைக்கும் வந்தத திருப்பி அனுப்பறதா?"

தலைமையாசிரியர் நிபந்தனை போட்டார். மீன் ஏலக்கூடத்தின் நடுத் தூணைப் பிள்ளைகள் போகும் வேகத்தில் இடமாக ஒரு சுற்று, வலமாக ஒரு சுற்று வர வேண்டும். முடியாவிட்டால் பெட்டி கிளம்பிவிடும்.

ஏலமெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். மாலையில் கூடத்தைக் கழுவி விட்டிருப்பார்கள். டீச்சர் சுடிதாரின் கால்பகுதியை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக்கொண்டு வருவார். அலைபேசியில் வீடியோவை ஓடவிடுவதும், கையைப் பிடித்துக்கொள்வதும், சக்கரத்தில் சிக்கிய மீன் செதிலை ஊக்கால் எடுப்பதும் என் வேலை.

காலை அகட்டி நின்று, இடப்பக்கம் திரும்ப வலக்காலை அழுத்தும் முதல் திருப்பம் மூன்றே நாளில் வந்துவிட்டது. ஆனால் அது மெதுவாகத்தான் திரும்பும். வேகத்துக்கு இன்னொன்று வேண்டும்: கால்களை நெருக்கி, திரும்பும் பக்கத்துக் காலை முன்னே வைத்து, உடம்பையும் அதே பக்கம் சாய்க்க வேண்டும். இங்கேதான் சிக்கல். இடப்பக்கம் சாய வேண்டிய நேரத்தில் டீச்சரின் உடம்பு வெடுக்கென்று வலப்பக்கம் போகும். விழுவார். இரண்டு வாரம் இதே கதை.

ஒரு நாள் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "புரிஞ்சிட்ச்சு சார். என் ஒடம்பு இன்னும் படகுலயே நிக்குது. படகு ஒரு பக்கம் சாஞ்சா நாங்க எதிர்ப் பக்கம் போவோம். பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியின் படகில் ஏறி, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில், படகு சாயும் பக்கமே வேண்டுமென்று சாய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே வந்தது. "இன்னாக்கா, கவுத்துட்டுதான் விடுவியா?" என்று தேசப்பன் கத்தினார். "கம்முனு கோல ஊனுடா. ஒடம்புக்கு புத்தி சொல்லினு இருக்கேன்" என்றார் டீச்சர். கரையில் நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர் நனைந்தபடி மறுபடியும் சாய்ந்தார்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியர் கூடத்துக்கு வந்தார். இடச்சுற்று சுத்தமாக வந்தது. வலச்சுற்றில் தூணுக்குப் பக்கத்தில் விழுந்தார். முழங்கையில் ரத்தம்.

"போதும் டீச்சர், விடுங்க."

"மாசம் இன்னிக்குதான சார் முடியுது? மணி அஞ்சுதான் ஆவுது. தூணு எங்கயும் போயிடாது."

மறுபடியும் விழுந்தார். மூன்றாம் முறை, வலக்காலை முன்னே வைத்து, தயங்காமல் வலப்பக்கமே சாய்ந்து, தூணைச் சுற்றி என் முன்னால் வந்து நின்றார். தலைமையாசிரியர் பெட்டியின் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அன்று நான் கைதட்டியதுபோல் என் கல்யாணத்தில்கூட யாரும் தட்டியதில்லை.

அதன் பிறகு எத்தனையோ பெண்கள் அந்தக் கூடத்தில் சக்கரம் கட்டினார்கள். டீச்சர் படுத்ததும் பெட்டி பூட்டப்பட்டது. கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது, "பசங்க ஓட்டுதுங்களா சார்?" என்று கேட்டார். ஓட்டுகிறார்கள் என்று பொய் சொன்னேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

இரங்கல் கூட்டம் முடிந்ததும் தலைமையாசிரியர் எங்களிடம் சொன்னார்: "பழைய கண்டிஷன்தான். ஒரு டீச்சர் திரும்பிக் காட்டணும். இல்லேன்னா பெட்டிய அனுப்பிடறேன்." நேராகப் போய்ச் சுவரைப் பிடித்து நிற்பதற்கு மேல் ஒன்றும் கற்றுக்கொள்ளாத நான் கையைத் தூக்கினேன். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். தேவைதான்.

பத்து நாளாக மாலையில் ஏலக்கூடத்துக்குப் போகிறேன். முட்டி இரண்டும் வீங்கியிருக்கிறது. கையைப் பிடிக்க தேசப்பன் வருகிறார். விழும்போதெல்லாம், "இன்னொரு தபா சார்" என்கிறார்.

நேற்று இடப்பக்கம் திரும்பிவிட்டேன், டீச்சர். வலப்பக்கம் இன்னும் வரவில்லை. வந்துவிடும். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.