கொதிக்கிற குழம்போடு பாடியவள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் சினேகிதர்களுக்கும், மறைந்தவளின் அக்காவாகிய நான் வணக்கம் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதினேன். பிழை இருந்தால் அச்சகத்தில் திருத்திக்கொள்வார்கள். காலமானவர்களை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று சொன்னார்கள். இடுப்பில் தூக்கிச் சுமந்த தங்கையை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மரியாதை மனசில் இருக்கிறது.

நாங்கள் அடி அண்ணாமலையில் பிறந்தோம். அப்பாவும் அம்மாவும் பொழுதுக்கும் நிலத்தில் நின்றதால், சின்ன வயசிலேயே அடுப்பு எங்கள் இருவர் கைக்கு வந்துவிட்டது. மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கும் நாட்களில் ஆட்களுக்கும் நாங்கள்தான் ஆக்கிப்போட வேண்டும். மிளகாய் வறுத்து, அம்மியில் அரைத்து, புளி கரைத்து, கத்திரிக்காய்க் காரக்குழம்பு கூட்டி வைப்பது நான். தங்கை கரண்டியைப் பிடித்துக் கிண்டிக்கொண்டே பாடுவாள். அவ்வளவுதான் அவள் வேலை. ஆனால் ஆட்கள் சாப்பிட்டுக் கை கழுவும்போது என்ன சொல்வார்கள் தெரியுமா?

"பாட்டுக்காரப் பொண்ணு வச்ச கொழம்பு, இன்னா ருசி பாரு!"

"நான் வச்சதுங்க அது" என்பேன்.

"சரி சரி, நீயும் கூடமாட இருந்திருப்ப."

தங்கை அதை மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

அன்றைக்குப் பிடித்த பொறாமை எனக்கு. நினைவு மலரில் இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம். எனக்கு ஒளித்துப் பழக்கமில்லை. அவள் குழம்பைவிட என் குழம்பு நல்ல குழம்பு. அதை அவள் வாயால் ஒரே ஒரு தரம் கேட்டுவிட வேண்டும் என்பதுதான் ஆயுசு முழுக்க எனக்கு இருந்த ஆசை.

அவளை டவுனில் கட்டிக்கொடுத்தோம். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டினார். மகளுக்கு விவரம் தெரியும் முன்பே தவறிவிட்டார். தங்கை மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கமாக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, வீட்டுச் சாப்பாடு போட ஆரம்பித்தாள். மகளை நர்சுக்குப் படிக்க வைத்தது அந்த அடுப்புதான். பௌர்ணமியில் மலையைச் சுற்றிவிட்டுக் கால் வீங்கி வருகிறவர்களுக்குக் காசு பார்க்காமல் சோறு போட்டாள். அந்தக் குணத்தை நான் குறைத்துச் சொல்ல முடியாது.

சமையலும் பாட்டும் அவளுக்கு ரெண்டு வேலை இல்லை. குழம்பு தண்ணியாகத் தளதளவென்று கொதிக்கும்போது பாட்டும் வேகமாக ஓடும். குழம்பு இறுக இறுகச் சத்தம் தடித்துப்போய், கொப்புளம் ஒவ்வொன்றாக உடையும். பாட்டும் அதோடு சேர்ந்து நிதானத்துக்கு இறங்கும். பாட்டு இறங்கினால் இலை போடப்போகிறார்கள் என்று அர்த்தம். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத வெள்ளைக்காரர்கள்கூட அது கேட்டதும் கை கழுவ எழுந்துவிடுவார்கள். நான் மூக்கால் சமைக்கிறவள். அவள் காதால் சமைத்தாள்.

என் வீட்டுக்காரரே, "டவுனுக்குப் போறேன், கொழுந்தியா வீட்ல சாப்டுக்கிறேன்" என்று கிளம்புவார்.

"ஏன், இங்க சோத்துல மண்ணா கெடக்கு?"

"அங்க பாட்டு இருக்குல்ல."

இதற்கு நான் எந்த மசாலாவைச் சேர்ப்பது?

பிறகு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. வேலூரில் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் நின்றது, குரல் போய்விட்டது. சாப்பாடும் குழாய் வழியாகக் கஞ்சிதான். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான் போய் உட்கார்ந்தேன். கடைசியில் அவள் அடுப்பு என் கைக்கு வந்தது. என் குழம்பை ருசி பார்க்க அவளுக்கு நாக்கு உதவவில்லை, பார்த்தாலும் சொல்லக் குரல் இல்லை. என் ஆசை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஆட்களைக் கூப்பிட அவள் கட்டில் பக்கத்தில் ஒரு டம்ளரும் ஸ்பூனும் வைத்திருந்தோம். நான் சமைத்த முதல் நாளே டம்ளர் படபடவென்று அடித்தது. ஓடினேன்.

"இன்னாடி, தண்ணியா?"

இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு சமையல்கட்டைக் காட்டினாள். மகள் சிரித்தாள்.

"பெரியம்மா, அடி பிடிக்குதாம். அம்மாவுக்கு அது காதுல கேக்கும்."

"எனக்கு மூக்கு இருக்குடி. அதெல்லாம் ஒண்ணும் பிடிக்கல" என்றேன்.

போய்க் கரண்டியை விட்டுப் பார்த்தால் பிடித்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியாதது, கூடத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரிந்திருக்கிறது. வயிறு எரிந்தது எனக்கு.

அதற்குப் பிறகு அந்த டம்ளர் சத்தம் வரக் கூடாது என்றே சமைத்தேன். தீயைக் கம்மி செய்வேன், கிண்டுவேன், காதை அடுப்பிலேயே வைத்திருப்பேன். ஒரு நாள் காரக்குழம்பு கூட்டிக் கொதிக்கவிட்டேன். டம்ளர் பேசவே இல்லை. இன்றைக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை, பார்த்தாயா என்று கேட்பதற்காகக் கூடத்துக்குப் போனேன்.

கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டில் சட்டத்தின் மேல் அவள் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உள்ளே என் குழம்பு கொதிக்கிற அதே வேகத்தில். நான் மூச்சுக் காட்டாமல் நின்றேன். குழம்பு இறுகியது, விரலும் நிதானமானது. உதடு பாடுகிற மாதிரி அசைந்தது.

கண்ணைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும், திருடும்போது பிடிபட்ட மாதிரி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பாத்துட்டேன்டி" என்றேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் நகராமல் நின்றுகொண்டே இருந்தேன். சட்டென்று திரும்பி டம்ளரைப் படபடவென்று அடித்தாள். ஓடினேன். நன்றாக அடி பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான் இருந்தாள். ஒரு விடியற்காலையில் மகளின் மடியில் அமைதியாகக் கண் மூடினாள்.

அவளை வேலூருக்கும் வீட்டுக்கும் சலிக்காமல் கூட்டிப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், சாப்பாட்டு வியாபாரம் நின்றிருந்த மாதங்களில் வாடகைக்கு நெருக்காத வீட்டுக்காரம்மாவுக்கும், சாப்பிட வந்து சொந்தமாகிப்போய் ஆஸ்பத்திரியில் காவல் இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

இன்றைய படையலுக்கு நான்தான் சமைத்திருக்கிறேன். கத்திரிக்காய்க் காரக்குழம்பு. எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நன்றாக இருந்தால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள். அவள் விரலால் சொன்னது எனக்குப் போதவில்லை.